தலைமைப் பொறியாளரின் வலது கை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: தலைமைப் பொறியாளர் அவர்களின் மாண்புமிகு வலது கை இன்று விஞ்ஞானத்தின் முன் ஆஜராகிறது.

ஆஜரான கை, நாற்காலியின் கைப்பிடி மேல், ஒரு துண்டுக்கு அடியில் கிடந்தது.

முழங்கைக்குக் கீழே காசு அளவில் சில பட்டைகளை ஒட்டியிருந்தாள் பரிசோதனைக்காரப் பெண். அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் ஒரு சின்னப் பெட்டிக்குள் போயின. ஊசி கிடையாது. நரம்பு சதைக்கு என்ன சொல்கிறதோ, அதைத் தோலுக்கு மேலிருந்தே ஒட்டுக்கேட்டு, எதிரே இருந்த மெஷினின் திரையில் கோடாக வரையுமாம். வாரா வாரம் அளந்து, கை தேறுகிறதா தேய்கிறதா என்று பார்ப்பார்கள். இது முதல் வாரம்.

"விரல் அசையவே வேணாம் சார். அசைக்கணும்னு நீங்க முயற்சி பண்ணினாலே போதும், மெஷின் கண்டுபிடிச்சிடும். அப்படியே உக்காந்திருங்க, இதோ வந்துடறேன்."

நல்ல செய்தி சொன்ன உற்சாகத்தோடு வெளியே போனாள்.

தலைமைப் பொறியாளருக்கு அது கெட்ட செய்தி.

ஏனென்றால் கைக்கு ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் ஒன்று. கூரையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். 'கட்டடம் உறுதியாக உள்ளது' என்று கையெழுத்துப் போடச் சொன்னது மேலிடம். போட்டால், கூரை விழும் அன்று கம்பி எண்ண வேண்டும். மாட்டேன் என்றால் நாற்காலி போய்விடும். யோசித்துக்கொண்டே இருந்தார். கோப்பு மேசைக்கு வந்த அன்று காலை கை விழுந்துவிட்டது.

இடது கைப் பெருவிரலை உருட்டினால் என்ன என்று குமாஸ்தா யோசனை சொன்னார். தலைமைப் பொறியாளர் கைநாட்டு வைப்பதா! குமாஸ்தாவுக்கு மாற்றல் உத்தரவு வாய்மொழியாகவே பிறந்தது.

அன்று முதல் மனைவிதான் ஊட்டிவிடுகிறாள், பொத்தான் மாட்டுகிறாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூக்கில் வைக்கிறாள். இரவில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இப்போதும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

பரிசோதனைக்கு அனுப்பியது மேலிடம். கோடு எழும்பியதும் கையெழுத்து வாங்கிவர, கோப்பும் பேனாவுமாகத் துணைப் பொறியாளரையும் வாசலில் நிறுத்திவைத்திருந்தது.

கையை நினைக்கக் கூடாது.

நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் நினைப்பதுதானே? பார்த்துப் பார்த்து இந்த நேரத்தில் மூக்கு நமைத்தது.

பச்சைக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக ஓடியது.

அப்பாடா. இவ்வளவு மன அடக்கம் தனக்கு இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொண்ட நேரம் சுண்டுவிரல் வெட்டி இழுத்தது.

செத்தோம்.

கோடு அசையவில்லை.

துண்டுக்கு அடியில், ஒரு சந்தேகத்துக்காக, ஒரு விரலை மெல்ல மடக்கிப் பார்த்தார். கோடு நேராகவே போனது. முஷ்டியை இறுக்கினார். நேர்கோடு.

விரல் மடங்கியதா, மடங்கியதாக நினைத்தாரா? துண்டு மூடியிருந்தது. பொய்யைக் கேட்டுக் கேட்டுக் கையே நம்பிவிட்டதா? நாளைக்குக் கால், அப்புறம் நாக்கு? பல்லைக் கடித்து, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் அந்தக் கைக்கு அனுப்பினார்.

கோடு அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

துள்ளி எழுந்தார். துண்டு கீழே விழுந்தது.

"ஐயோ, நிஜமாவே போச்சுடி! என் கை நிஜமாவே போச்சு!" என்று மனைவியின் தோளைப் பற்றி உலுக்கினார்.

அவள் அப்போதுதான் திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள். தன் தோளைப் பார்த்தாள். தோளை நெரித்துக்கொண்டிருந்த ஐந்து விரல்களைப் பார்த்தாள். அவற்றுக்கு மேலே ஒட்டியிருந்த பட்டைகளைப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த துணைப் பொறியாளர், பேனாவின் மூடியையும் திறந்தார்.

அவருக்குப் பின்னால், சுருட்டிய ஒரு ஒயரோடு பரிசோதனைக்காரப் பெண் வந்து நின்றாள்.

பெட்டிக்கும் மெஷினுக்கும் இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை.