யாரும் தொடாத நேரம்

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவர் அருள்தாஸ் கண்ணயரும் மதிய ஒரு மணி நேரம்தான் ரெஜினாவுக்கும் தூக்கம். டாக்டர் வீடியோவில் அழைப்பார் என்று கணினியை அணைக்காமல் வைக்கத் தொடங்கியதிலிருந்து அதுவும் போயிற்று. அவள் படுத்த சற்று நேரத்தில் கணினியின் விசிறி இரையத் தொடங்கிவிடும்.

பழுதுபார்க்க வந்த கலீல் மவுஸைத் தொட்டதும் சத்தம் அடங்கியது.

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"உன்னைப் பார்த்ததும் நடிக்குது. கையை எடுத்துட்டு டீயைக் குடி."

டீ முடிவதற்குள் விசிறி இரைந்தது. பிராசஸர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கலீல் எதனால் என்று தேடிக் கண்டுபிடித்தான்.

"இந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியா புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுத் தருதுக்கா. யாரும் தொடாத நேரத்துல மட்டும். அருள்தாஸ் அண்ணன்தான் நாலு வருஷம் முன்னாடி இந்தத் திட்டத்துல சேர்ந்திருக்காங்க."

"நம்ம வீட்ல யாருக்கும் அந்த நோய் இல்லையேப்பா."

"வேற யாருக்கோதான். எடுத்துடவா?"

எடுத்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கட்டிலில் அருள்தாஸ் விழித்திருந்தார்.

"மெதுவா ஓட வைக்க முடியுமா?"

"முடியும். சத்தம் குறையும், ஆனா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

கலீல் போனதும் கணவரின் போர்வையைச் சரிசெய்தாள். "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

அசையக்கூடிய அவருடைய இடது கை அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது. உருவிக்கொள்ள மனமில்லாமல் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விசிறி மெல்ல இரையத் தொடங்கியபோது, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.