வெள்ளை வளையத்தில் ஒரு கோடு

சக்கரத்தின் வெள்ளையில் மறுபடியும் ஒரு கறுப்புக் கோடு.

பெரியவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய பல் பிரஷை எடுத்து, சோப்பு நுரையில் தோய்த்து, குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். டிப்போவில் அவருக்கு 'வெண்ணெய்' என்று பெயர். பஸ் அப்படி வழுக்கிக்கொண்டு போகுமாம். நடுரோட்டில் படுத்திருக்கும் நாய் அவர் பஸ் சத்தம் கேட்டால் கண்ணைக்கூடத் திறக்காதாம். சுற்றிக்கொண்டு போய்விடுவார் என்று அதற்கே தெரியுமாம். ஆகாதவர்களும் அவரை வெண்ணெய் என்றுதான் சொன்னார்கள், குரல்தான் வேறு.

அப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு கார் வாங்கினார். பழங்காலத்துக் கார் மாதிரியே உருண்டை உருண்டையாகச் செய்த புதுக் கார். சும்மா இருக்காமல், கோடைக்கு முன்னால் அதன் நாலு டயரிலும் வெள்ளை ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டார். டயர் கடைக்காரர் அப்போதே எச்சரித்தார்.

"அழகா இருக்கும் சார். ஆனா காட்டிக் கொடுத்துடும். நடைபாதைக் கல்லுல லேசா உரசினாலும் கோடு விழும்."

என் வண்டியிலா என்று சிரித்துவிட்டு வந்தார் வெண்ணெய்.

மறுவாரமே குளியலறையில் மயங்கி விழுந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, வண்டியும் ஓட்டலாம் என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர். மகன்தான் சமாதானமாகவில்லை.

"அப்பா, வண்டியில ஒரு கீறல் பார்த்தேன்னா வித்துடுவேன். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான்.

கோடுகள் விழ ஆரம்பித்தது இந்த மாதம்தான். காலையில் கடைக்குப் போய்வரும்போது எதிலும் உரசிய ஞாபகம் இல்லை. மத்தியான மாத்திரை போட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கி எழுந்து வந்து பார்த்தால் கோடு. காலையில் நிறுத்தும்போது சக்கரத்தைப் பார்த்தோமா? பார்த்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஞாபகத்தை நம்பலாமா?

வீட்டில் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது என்றார் அவர். கோளாறு கண்ணில் இல்லையென்றால், அதற்குப் பின்னால் அல்லவா இருக்கிறது?

தேய்க்கும்போதெல்லாம், தான் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களைக் கடைசியிலிருந்து முதல்வரை முணுமுணுத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. பழசெல்லாம் நினைவிருந்து, இன்றைக்கு நடந்தது மறப்பதுதான் அந்த வியாதி என்று எங்கோ கேட்டிருந்தார்.

மனைவியிடம் சொல்லலாம். எந்த வாயால் சொல்வது? கார் வந்த புதிதில், எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, உன் கையில் கொடுத்தால் ஊரில் நடைபாதையே மிஞ்சாது என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரித்தவர் அவர். அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை விழுந்த கோடு விரல் தடிமன். பிரஷ் பாதியில் நின்றது. இன்றைக்குக் கல். நாளைக்கு அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால்?

ஞாயிறு மகன் வந்ததும் தானே சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தில் கார் ஓட்டுகிறவர்கள்? தன் திறமைக்கு அதுவும் நடக்கக்கூடியதுதான் என்று தோன்றியது. சனிக்கிழமை மத்தியானம் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் கிளம்பியது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். கட்டில் சட்டம் கையிலேயே இருந்தது. படுத்திருப்பது தான் என்றால், ஓட்டிக்கொண்டு போவது யார்?

தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தார். தெரு காலி. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கார் திரும்பி வந்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்து, நடைபாதைக் கல்லில் கிரீச்சென்று ஒரு உரசு உரசி நின்றது. உள்ளே அவர் மனைவி, ஸ்டியரிங்கை ஓடிப்போகிற ஆட்டைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு.

அவரைப் பார்த்ததும் இறங்கி, வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள் அவள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததையும், லைசென்ஸ் எடுத்ததையும், அவர் தூங்கும் நேரத்தில் ஓட்டிப் பழகுவதையும் மளமளவென்று ஒப்பித்தாள்.

"தினமும் காலையில எழுந்ததும் சக்கரத்தைத்தாங்க பார்க்கறேன். ஒரு கோடு விழுந்திருக்கா, நீங்களே சொல்லுங்க."

சொல்ல அவரிடம் நிறைய இருந்தது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க அன்னிக்கு விழுந்தப்போ வண்டி வாசல்லதான் நின்னுது. சாவி என் கையில இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு நான் வீடு வீடா கதவைத் தட்டிக்கிட்டு ஓடினேங்க."

பெரியவரின் கண் புதுக் கோட்டில் போய் நின்றது. அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தாள்.

சட்டென்று எழுந்தவர், புதுக் கோடு விழுந்த சக்கரத்தைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கோடும் இல்லைம்மா. நாளையிலேருந்து நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். இந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு ஜாண் தள்ளி ஓட்டு."