எண்பத்தொன்பதாம் நிமிடம்

2009 மே 9, சனிக்கிழமை. லண்டனில் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம் தொடங்க ஆறு மணி நேரம் இருந்தது.

விடுதி அறையில் ரோரி தன் வீங்கிய முழங்காலை அப்பாவிடம் காட்டினான். அவனுக்குப் பத்தொன்பது வயது. மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது.

"நேத்து டீமுக்குத் தெரியாம வெளியில ஒரு டாக்டர்கிட்ட காட்டினேம்பா. இப்ப ஓடினா கால் போயிடுமாம்."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவானுங்க," என்றார் ஆலன். "டீம் மேனேஜர்கிட்ட மூச்சு விடாதே. மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு நிமிஷம் இறங்குடா. அது போதும்."

"அடுத்த வருஷம் ஆடறேனே?"

"நம்ம டீம் ஃபைனலுக்கு வந்தே முப்பது வருஷமாச்சு. உங்கம்மா மட்டும் உயிரோட இருந்திருந்தா..."

ரோரி மாத்திரையை விழுங்கினான். எண்பத்தொன்பதாம் நிமிடம் அவனை இறக்கினார்கள். முதல் ஓட்டத்திலேயே விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் போன மகனுக்கு ஆலன் எழுந்து நின்று கைதட்டினார்.

திங்கட்கிழமை காலை ஊரில் பந்தயம் கட்டும் கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, பழைய சீட்டு ஒன்றை நீட்டினார். இருபது வயதுக்குள் மகன் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடுவான் என்று, அவன் பிறந்த வாரம் கட்டிய ஐம்பது பவுண்டு. ஜெயித்தால் ஒன்றுக்கு ஆயிரம்.

கடைக்காரி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் படிக்கலையா ஆலன்? முதல் பதினொரு பேர்ல ஆடினாத்தான் கணக்கு. மாத்து ஆளா இறங்கினா கிடையாது."

அதே நேரத்தில், லண்டன் மருத்துவமனையில், இனிப் பந்தாட முடியாது என்று ரோரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.