பதினான்காம் எண் சட்டை

மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கை மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

பனித்தளத்தின் நடுவே விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் நின்றபடி தோர்லைஃப் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஸ்காவ்தால் ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு இது தொண்ணூறாவது ஆண்டு. இளமையில் அவர் போட்டு விளையாடிய பதினான்காம் எண் சட்டையைக் கயிற்றில் கட்டிக் கூரைக்கு ஏற்றப் போகிறார்கள். இனி அந்த எண்ணை இந்த ஊரில் யாரும் போட முடியாது.

கிளப் தலைவி ரான்ஹில் குனிந்து, அவருடைய காலணியடியில் மாட்டியிருந்த முள்பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். எண்பத்திரண்டு வயதில் பனியில் விழுந்தால் எழுவது கஷ்டம்.

"தோத்துப்போன டீம் ஆளப் போய்க் கூப்பிட்டிருக்கீங்களே, தோர்லைஃப். அந்த மனுசன் எப்படி வருவாரு? உங்களுக்கும் குசும்பு கொஞ்ச நஞ்சமில்ல."

"முட்டி வலியாம். முடிஞ்சா வர்றேன்னாரு."

மறுபடியும் அந்த இருக்கையைப் பார்த்தார்.

அவர் கூப்பிட்டிருந்த ஒத்வார் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரணியின் தடுப்பாட்டக்காரர். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, படகில், இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. காற்றைப் பற்றிப் பேசினார்கள். கரை வந்ததும் இறங்கிப் போனார்கள்.

போன மாதம்தான் தோர்லைஃப் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். நீங்கள் ஒருவர் வந்தால் போதும் என்றார்.

மேலே தொங்கிய திரையில் கிளப்பின் கதை ஓடியது.

உருளைக்கிழங்கு வயல் ஒன்று. தீயணைப்பு வண்டியின் குழாயால் அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் அப்பாக்கள். ஒரு படலம் உறையும்வரை காத்திருந்து அடுத்ததைத் தெளிக்கிறார்கள். பிறகு, சனிக்கிழமைகளில் ஊரே கூடி எழுப்பிய இந்த அரங்கு. கிளப் திவாலானது. பெயரையும் இழந்தது. வேறு பெயரில் விளையாடியது. அம்மாக்கள் வாஃபிள் சுட்டு விற்று விற்றுப் பழைய பெயரை மீட்டார்கள்.

இத்தனையிலும் பட்டம் வென்றது ஒரே ஒரு முறை. அந்த ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல்.

வென்ற அணியின் படம் வந்தது. தோர்லைஃப் பின்வரிசையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. படத்தில் இருக்கும் மற்றவர்கள் யாரும் இப்போது இல்லை.

அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். திறந்தவெளித் தளம். கடைசி நிமிடங்கள். கை நீட்டினால் கை தெரியாத பனிப்பொழிவு. வலையின் முன்னால் தோர்லைஃப்.

ஊருக்கே மனப்பாடமான கதை. குழந்தைகள்கூட உதட்டசைத்துக் கூடவே சொன்னார்கள்.

அப்போது படிகளில் ஒரு கைத்தடி இறங்கி வந்தது. கறுப்புக் கோட்டு. எந்த அணியின் நிறமும் இல்லாத கழுத்துத் துணி. வரிசையிலிருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

ஒத்வார் உட்கார்ந்தார்.

தோர்லைஃபின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

விளக்குகள் அணைந்தன. கயிறு நகர்ந்தது. சட்டை காற்றில் லேசாகத் திரும்பித் திரும்பி மேலே போனது. அது கூரையைத் தொட்டதும் விளக்குகள் எரிந்தன. ரான்ஹில் அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தாள்.

"தாத்தா, சுருக்கமாப் பேசுங்க! காப்பி ஆறுது!" நின்று பார்க்கும் பகுதியிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கோல நான் அடிக்கல."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. இந்த ஊரில் ஜெயித்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். 'நான்தான்' என்பவனுக்கு இங்கே காப்பிகூட ஊற்ற மாட்டார்கள்.

அறுபது வருடங்களாக அவர் இதைத்தான் சொல்லிவருகிறார். செய்தித்தாள்காரரிடம் சொன்னார். 'அடக்கமான வீரர்' என்று தலைப்புப் போட்டார்கள். மனைவி குட்னியிடம், அவள் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உங்கள எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அன்று, பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை மூலைக்குத் தட்டிவிட்ட கையோடு அவர் விழுந்திருந்தார். முகம் பனிக்குள். தலையைத் தூக்கியபோது வட்டு வலைக்குள் கிடந்தது. அதன் முன்னால் ஒத்வார், குருட்டுப் பனியில் தன் சொந்த வலைக்கே அடித்துவிட்ட தன் மட்டையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

ஐஸ் ஹாக்கியில் சொந்த வலைக்கு அடித்தவன் பெயரில் கோல் எழுதப்படுவதில்லை. எதிரணியில் கடைசியாக வட்டைத் தொட்டவன் பெயரில் எழுதிவிடுவார்கள்.

நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

"நெசமாத்தான் சொல்றேன்" என்றார் தோர்லைஃப்.

அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. கூரை அதிரக் கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்தே இருந்தார். பக்கத்துப் பெண் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

தோர்லைஃப் கம்பளித் தொப்பியைக் கழற்றி, நின்றவர்களின் இடைவெளியில் தெரிந்த அந்த ஒருவரை நோக்கி நெடுநேரம் தலைகுனிந்தார்.

தங்களுக்குத்தான் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உரக்க ஆர்ப்பரித்தது.