வெள்ளோட்டம்

அந்த நேரத்தில் ஷெட் அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: சொகுசுக் கார்களை டிரைவரோடு வாடகைக்கு விடும் கம்பெனியின் பெரியவர், அவருடைய மகள், அவருடைய மைத்துனர். மூவரும் ஒரே போனின் மேல் குனிந்திருந்தார்கள்.

ஊர் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில், வழியில் போன யாரோ ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். நெடுஞ்சாலை. வெயிலில் மின்னும் அவர்களுடைய புது வெள்ளை பேட்டரி கார். அதன் டிக்கிக்குக் கீழே முடிச்சிட்ட தடித்த நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை அவர்களுடைய பழைய கறுப்பு டீசல் காரில். அடியில் ஒரு வரி: 'சார்ஜ் தீர்ந்த மகாராஜா, டீசல் தயவில் பவனி.'

"பாத்தியாம்மா?" என்றார் மைத்துனர். "இதுவும் செல்போன் மாதிரிதான். அவசரத்துக்குக் கையை விரிச்சிடும்."

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. இன்றைக்குத்தான் வெள்ளோட்டம். பெரிய ஓட்டல்காரர் தன் முக்கிய விருந்தாளியைப் பேட்டரி காரில் தொலைதூரக் கடற்கரை விடுதிக்கு அனுப்பிப் பார்க்கிறார். சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஓட்டலின் மொத்த ஓட்டமும் இவர்களுக்கு. இல்லையென்றால், அவள் தைரியமாக எடுத்த பேட்டரி கார்களோடு கம்பெனியும் கையை விட்டுப் போகும்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "டீசல் வண்டி அங்க எப்படிப் போச்சு?"

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான்தான் அனுப்பினேன். கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலயே வரச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா விட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்தான். போய்த் திரும்ப வர்ற வரைக்கும் தாங்குற சார்ஜ்ப்பா அது. விருந்தாளி சாப்பிட்டு எழுந்திருக்கிறதுக்குள்ள அங்கயே இன்னும் ஏத்திக்கலாம். அந்த ரோட்டுல நானே ஓட்டிப் பாத்துட்டுத்தானே ஒத்துக்கிட்டேன்."

"வெறும் வண்டியா ஓட்டியிருப்பே," என்றார் மைத்துனர். "ஏசியை முழுசா வச்சு, டிக்கி நிறையப் பெட்டி ஏத்தி ஓட்டினியா? அத்தான் மட்டும் டீசலை அனுப்பலைன்னா அந்த மனுஷன் இந்நேரம் லாரிக்குக் கை காட்டிட்டு நின்னிருப்பாரு."

அவள் இரண்டு டிரைவர்களுக்கும் மாறி மாறிப் போன் போட்டாள். இரண்டும் அணைந்து கிடந்தன. வண்டி ஷெட்டுக்குத் திரும்பும்வரை டிரைவர் போனைத் தொடக்கூடாது. பெரியவர் போட்ட சட்டம்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. அவங்க வந்து சொல்லட்டும்."

"படம் சொல்லாததையா டிரைவர் சொல்லப்போறான்?"

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இந்தக் கம்பெனியின் காரில் ஏறிய ஒருவரும் நடுவழியில் நின்றதில்லை என்று அவருடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை காலம் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த அவமானம் ஓட்டல்காரர் காதுக்குப் பிறர் வாயால் போகக் கூடாது.

"அப்பா, வேணாம்ப்பா."

"தப்பு நம்ம பக்கம்னா, அவங்க கூப்பிடுறதுக்கு முன்னால நாமே போய் நிக்கணும். அதுதான் இந்தக் குடும்பத்துக்கு மரியாதை."

அவர் ஓட்டல்காரருக்குப் போன் போட்டார். பேசும்போது குரல் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. "உங்க விருந்தாளிக்கு எங்களால சங்கடம். மன்னிக்கணும். பேட்டரி வண்டிகளை நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம். உங்களுக்கு வண்டி விட எங்களுக்குத் தகுதியில்ல. வேற நல்ல கம்பெனியாப் பாருங்க."

மறுமுனையில் ஓட்டல்காரர் தயங்கவில்லை. "நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் நான் என்ன சொல்ல? இன்னொரு கம்பெனிக்காரர் எதிர்லயேதான் உக்காந்திருக்கார். அவருக்கே கொடுத்துடறேன்."

பெரியவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மகள் எழுந்து போய், ஆணிகளில் தொங்கிய புதுக் கார்களின் சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

பொழுது சாயும் நேரம் பேட்டரி கார் ஷெட்டுக்குள் நுழைந்தது. சத்தமில்லாத வண்டி, டிரைவர் வாசலில் வந்து நின்ற பிறகே மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவனுடைய வெள்ளைச் சீருடையின் முழங்காலில் தார்க் கறை.

"விருந்தாளி என்ன ஆனாரு?" என்றார் பெரியவர்.

"நேரத்துக்கு முன்னாலயே இறக்கிட்டேங்கய்யா. ரொம்ப சந்தோஷம், இனிமே இந்த வண்டிதான் வேணும்னு சொன்னாரு. கயிறு கட்டும்போது அவரும் இறங்கி ஒரு கை பிடிச்சாருன்னா பாத்துக்குங்க."

மகளின் கையில் சாவிக்கொத்து அப்படியே நின்றது.

"கட்டி இழுத்துட்டுப் போனதுல அவருக்கு என்னப்பா சந்தோஷம்?" என்றார் மைத்துனர். "டீசல் இழுத்துட்டுப் போன கதை ஊர் முழுக்க நாறுது."

மைத்துனர் நீட்டிய போனில் இருந்த படத்தை டிரைவர் குனிந்து பார்த்தான். பிறகு, புரியாமல், பெரியவரைப் பார்த்தான்.

"டீசல் எங்கங்கய்யா இழுத்துச்சு? பாதி வழியில நின்னுபோன டீசலை நாங்கல்ல இழுத்துட்டுப் போனோம்."