பாலத்துக்கு அந்தப் பக்கம்

“பிரேக்கை மிதிக்காதீங்க தம்பி! மூச்சை நல்லா இழுங்க. வசனத்துல பாதி சொல்லி மூச்சு உள்ளே, மீதி சொல்லி வெளியே. ம், அப்படித்தான்.”

பாஸ்டரம்மா சொல்லச் சொல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஏசி வேறு மக்கர் பண்ணியதில் மனுஷன் தொப்பலாக நனைந்திருந்தார். கார் போன வேகத்துக்கு, சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள்.

வேகமாய்ப் போக முடியுமா என்ன? எதிரே தெரிகிற மேம்பாலத்தில்தான் அன்றைக்கு லாரி வந்து இடித்தது. எலும்பு எப்போதோ கூடிவிட்டது, பயம்தான் போய்த் தொலையவில்லை. கார் கதவைத் திறந்தாலே கை கால் உதறும். அன்றிலிருந்து எங்கே போனாலும் நடராஜா சர்வீஸ்தான்.

இன்றைக்கு அந்தக் கதை நடக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்திருக்கிறாள். முதல் பேத்தி! பாலத்தில் நடந்து போகிறவர்களை விடவும் மாட்டார்கள்.

“ஜெபம் மட்டும் போதாது தம்பி, பயிற்சியும் வேணும். ஜெபம் பண்ணிட்டு வீட்டுலயே உட்கார்ந்திருந்தா, பேத்தி நடக்கப் பழகி நம்மளைத் தேடி வந்தாத்தான் உண்டு.”

“நீங்க சொன்னா சரிதாம்மா.”

பின்னே? சபையில் யாருக்குத் தூக்கம் வரவில்லை, யாருக்குப் படபடப்பு என்றாலும் முதலில் தட்டுவது பாஸ்டரம்மா வீட்டுக் கதவைத்தான். ஆறுதல் சொல்வதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

கார் பாலத்தில் ஏறியது. பாஸ்டரம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது.

“இப்போ பயம் பத்துக்கு எட்டு இருக்கும்” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“கண்ணைத் திறந்துக்கிட்டும் ஜெபிக்கலாம்மா. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்.”

“ஓட்டுறவங்க திறந்து வெச்சிருந்தாப் போதும். நீங்க ரோட்டைப் பாருங்க!”

பாதிப் பாலத்தில், பக்கவாட்டில் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி கடந்தது. காருக்குள் “ஐயோ!” என்று ஓர் அலறல். கார் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஆளாளுக்கு ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் திட்டினார்கள்.

“திரும்பிடலாமா தம்பி?” பாஸ்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “இன்னொரு நாள் பார்த்துக்கலாம். ஒண்ணும் தப்பில்லே.”

“வேண்டாம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டு, குழந்தை முகத்தைப் பார்க்காமத் திரும்புறதா?”

பாஸ்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதானே! அப்படிச் சொல்லுங்க. எடுங்க வண்டியை, கர்த்தர் இருக்கார்.”

கார் நகர்ந்தது. மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. “ஆறு” என்றார் பாஸ்டரம்மா. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, “அஞ்சுன்னே வெச்சுக்கலாம்” என்றார். பாலம் இறங்கும்போது “மூணுதான்!” என்று அவர் கைதட்டிய சத்தத்தில், பக்கத்தில் பைக்கில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தான். தலை வாரவில்லை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான், முகம் முழுக்கச் சிரிப்பு. காரைப் பார்த்ததும் சிரிப்பு நின்று வாய் பிளந்தது.

ஓடி வந்தவன், ஓட்டி வந்தவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“காருன்னாலே நடுங்குற எங்க அத்தையை எப்படிப் பாலம் தாண்ட வெச்சீங்க, டாக்டர்?”