துரைக்குக் கூச்சம்

"ஒரு பூனைக்குக் காவல் இருக்கறதுக்கா எங்கம்மா என் தம்பியைப் பெத்து வளர்த்தாங்க?"

சமையலறைக்குள் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் அக்கா. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள். கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்களே!

தம்பி மனைவி அசரவில்லை. டீயை வடிகட்டிக்கொண்டே, "மெதுவா அண்ணி, துரைக்குக் கேட்டுடப் போகுது" என்றாள்.

துரை என்பது பூனை.

அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. "பொண்ணுக்கு இருக்கறது ஒரே மாமா. அவரைப் பார்க்காம எப்படி?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசைப்பட்டார். அதனால் அவரையும் அவர் கணவரையும் அக்காவே தம்பி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

தம்பிக்குக் கடைகளில் உள்ள எடை மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. வந்தவர்களைப் பார்த்து "வாங்க" என்றான். அப்புறம் ஃபேனைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். சட்டைப் பொத்தானைத் திருகினான். அதற்குள் அவன் மனைவி நடுவில் புகுந்துவிட்டாள்.

"ஏங்க, துரை பயந்துக்கப் போறான். போய்க் கொஞ்சம் பக்கத்துல இருங்க."

சொன்னதுதான் தாமதம், மனுஷன் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பூனைக்கு ரொம்பக் கூச்சம். புது ஆளுங்க வந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அன்னைக்குச் சாப்பாடே இறங்காது. இவரு கூட இருந்தாத்தான் அடங்கும்" என்று விளக்கம் வேறு சொன்னாள்.

சம்பந்தியம்மா மரியாதைக்குச் சிரித்து வைத்தார். சம்பந்தி அதுகூடச் செய்யவில்லை. வந்ததிலிருந்து வாயைத் திறக்காமல், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்துத்தான் அக்கா சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அவரு மூஞ்சியைப் பார்த்தியா? கோபத்துல உர்ருன்னு இருக்காரு. வீடு தேடி வந்தவங்களைவிட உனக்குப் பூனை உசத்தியாப் போச்சா?"

"அப்படியெல்லாம் இல்லை அண்ணி."

"வேற எப்படி? நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்டுல போய் வாழணும்மா. 'உங்க மாமா எங்களை ஒரு ஆளா மதிக்கலை'ன்னு காலம் பூரா சொல்லிக் காட்ட மாட்டாங்களா?"

"அவங்க கிளம்பும்போது வந்து வழியனுப்புவாரு. கொஞ்சம் பொறுங்களேன்."

"நீ டீயை ஊத்து. நானே போய் அவனைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம் அண்ணி! கதவைத் திறக்காதீங்க!"

முதல் முறையாகப் பதறினாள் தம்பி மனைவி. அவள் பதறியதும் அக்காவுக்கு ரோஷம் கூடிவிட்டது. நேராகப் போய்க் கதவைத் தள்ளினாள்.

துரை வெளியே வந்தது.

வாலைத் தூக்கிக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கும் பெரிய மனுஷன் தோரணையில் வந்தது. சம்பந்தியின் காலில் உரசியது. பிஸ்கட் தட்டை மோந்து பார்த்தது. பிறகு ஒரே தாவலில் சம்பந்தியம்மாவின் மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"இதுவா கூச்சப்படற பூனை?"

அக்கா கத்தியே விட்டாள். டீத் தட்டோடு வந்த தம்பி மனைவி அப்படியே நின்றாள். குட்டு உடைந்துவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது சம்பந்தி விருட்டென்று எழுந்தார்.

போச்சு, கிளம்பிவிட்டார்! அக்கா வாசலை மறிக்க ஓடினாள்.

ஆனால் சம்பந்தி வாசல் பக்கம் போகவில்லை. திறந்து கிடந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னடி நடக்குது இங்க?" என்றாள் அக்கா.

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுடுங்க அண்ணி. கூச்சம் துரைக்கு இல்லை, உங்க தம்பிக்கு. புது ஆளுங்க முன்னாடி உட்கார்ந்தா அவருக்கு வேர்த்துக் கொட்டிடும். அதை வெளிய சொல்லவும் கூச்சம். யாராவது வராங்கன்னா நான் முதல்ல துரையைத் தூக்கி உள்ள விட்டுடுவேன். பழி பூனை மேல போயிடும் பாருங்க. பாவம், அவனுக்கு ஆளுங்கன்னா உசுரு. கதவைப் பிறாண்டிக்கிட்டே கிடப்பான்."

சின்ன வயசில் யாராவது வந்தால் தம்பி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவான். காலைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் நிறுத்தியவள் அக்காதான். எல்லாரும் சிரிப்பார்கள். அவள்தான் அதிகமாகச் சிரிப்பாள். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. தம்பி மனைவியின் கையிலிருந்த தட்டைத் தான் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. எடை மெஷினில் நம்பர் ஏன் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது என்று சம்பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். தம்பி விளக்கிக்கொண்டிருந்தான், திக்காமல் திணறாமல். நடுவில் ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

அக்காவுக்கு உயிர் வந்தது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, "நீங்க ஒண்ணும் தப்பா நினைக்கலையே சம்பந்தியம்மா?" என்றாள்.

"நான் எதுக்குத் தப்பா நினைக்கப் போறேன்?" மடியில் கிடந்த துரையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார் சம்பந்தியம்மா. "எங்க வீட்டுல பூனை கிடையாது. அதனால யாராவது வந்தாங்கன்னா, மாடியில தண்ணித் தொட்டி நிரம்பி வழியும். இவரு பார்க்க ஓடுவாரு."

மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மோட்டாரைப் போட்டு விடறது நான்தான்."